கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் இரண்டு பிள்ளைகளும் இரண்டு வருடங்களுக்கு முன் இலங்கையிலிருந்து லண்டன் வந்து தஞ்சம் கோரினோம். கேஸ் என் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் என்னோடு சேர்க்கப்பட்டவர்கள். நேர்காணல் முடிந்துவிட்டது, முடிவு வரவில்லை. ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) தந்த வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது. கல்லூரியில் ஏ லெவல் இரண்டாம் வருடம், உயிரியல், இரசாயனவியல், கணிதம் படிக்கிறாள். ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தோம். "வெளிநாட்டு மாணவி, வருடத்துக்கு 24,000 பவுண், மாணவர் விசாவும் வேண்டும்" என்றார்கள். மைத்துனர், "கேஸ் முடிந்து அகதி விசா வரட்டும், அதுவரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும்" என்கிறார். தெரிந்த ஒருவர் 1,500 பவுண் கொடுத்தால் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மகளை டாக்டராக்க வேண்டும் என்பது என் ஆசை. படித்தால் கேஸ் கெட்டுவிடுமா? அவளுடைய சாதாரண தரச் சான்றிதழ் ஊரில் தொலைந்துவிட்டது. இங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கேட்டு எடுக்கலாமா? — ஒரு தாய், லண்டன்

பதில்: அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். தூதரகத்துக்குப் போகாதீர்கள். போன் செய்யவும் வேண்டாம். சொந்த நாட்டு அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நிற்கும் ஒருவர் அதே அரசின் அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால், "அப்படியானால் உங்களுக்கு அவர்களிடம் என்ன பயம்?" என்ற கேள்வி ஹோம் ஒபிஸிலிருந்து வரும். சான்றிதழ் தேவைதானா, தேவையென்றால் எந்த வழியில் எடுப்பது என்பதை உங்கள் சொலிசிட்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். மகள் இங்கே ஏ லெவல் எழுதுவதால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது அந்த முடிவுகளைத்தான். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஜி.சி.எஸ்.ஈ. (நம் சாதாரண தரம் போன்றது) தரத்தில் ஏதாவது காட்ட வேண்டியிருக்கும். அதைக் கல்லூரியிலேயே எழுத முடியுமா என்று இந்த வாரமே அவளுடைய ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். காமன்வெல்த் புலமைப்பரிசில், செவனிங் என்று யாராவது சொன்னால் அதையும் ஒதுக்கிவையுங்கள். அவை சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பித்து, படிப்பு முடிந்ததும் திரும்பிப் போகிறவர்களுக்கானவை.

படித்தால் கேஸ் கெடுமா என்றால், கெடாது. உங்கள் கேஸ் இலங்கையில் உங்களுக்கு இருக்கும் ஆபத்தைப் பற்றியது. மகள் இங்கே நூலகத்தில் உட்கார்ந்திருப்பது அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தஞ்சம் கோரியவர் படிக்கவே கூடாது என்று பொதுத்தடை கிடையாது. தஞ்சம் கோரியவருக்குத் தரும் ஏ.ஆர்.சி. என்ற அடையாள அட்டையில் வேலை செய்யக் கூடாது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் எல்லாமே தடை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். ஹோம் ஒபிஸ் தந்த கடிதங்களில் 'பெயில் 201' என்று ஒரு குடிவரவுப் பிணைப் படிவம் இருக்கும். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ் 2018 ஜனவரியிலிருந்து அந்தப் படிவத்தில் படிப்புக்குத் தடை விதிக்கவும் இடம் இருக்கிறது. பெரும்பாலும் மேன்முறையீடு எல்லாம் முடிந்து நிராகரிக்கப்பட்டவர்களுக்குத்தான் அப்படி எழுதுகிறார்கள். உங்களுக்கு இன்னும் முதல் முடிவே வரவில்லை. ஆனாலும் படிவத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். தடை இருந்தால் அதை நீக்கச் சொல்லிச் சொலிசிட்டர் எழுதலாம்.

மாணவர் விசா வேண்டும் என்று போனில் சொன்னது தவறு. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை, பல்கலைக்கழகம் அவருக்கு ஸ்பான்சர் ஆகவும் தேவையில்லை. போனை எடுப்பவரின் திரையில் 'வெளிநாடு' என்று வந்தால் அடுத்த வரியில் 'விசா' என்று வரும். அவர் அதை வாசித்திருப்பார். இனிமேல் போன் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். 'தஞ்சக் கோரிக்கையாளர், முடிவு நிலுவையில், ஏ.ஆர்.சி. அட்டை இருக்கிறது, மாணவர் விசாவில் இல்லை' என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டு, தஞ்சம் கோரியவர்களுக்கான உதவியைக் கவனிக்கும் பிரிவு எது என்று கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலைத்தான் பிறகு காட்டிப் பேச முடியும்.

24,000 பவுண் என்ற கணக்கு மட்டும் உண்மை. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு விலைப்பட்டியல் உண்டு. உள்நாட்டு மாணவருக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2025-26 கல்வியாண்டில் அது 9,535 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு வரம்பே கிடையாது. ஆய்வுகூடம் உள்ள படிப்புகளில் 30,000ஐத் தாண்டும் இடங்களும் உண்டு. தஞ்சம் கோரிக் காத்திருப்பவர் இரண்டாவது பட்டியலில்தான் விழுகிறார். அதோடு, அரசு தரும் மாணவர் கடனும் அவருக்குக் கிடையாது. உள்நாட்டு மாணவர்கள் கையிலிருந்து ஒரு சதமும் கட்டாமல் சேர்வது அந்தக் கடனால்தான். ஆக, மகளுக்குக் கட்டணம் இரண்டரை மடங்கு, கடன் வழி அடைப்பு. இலங்கைக் கல்வி அமைச்சராக இருந்த கண்ணங்கராவின் இலவசக் கல்வியில் 1945இலிருந்து பழகிய நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த ஏற்பாடு விளங்க நேரம் எடுக்கும்.

இதில் ஒரு நெகிழ்வு இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. உள்நாட்டுக் கட்டணத்துக்கு உரிமை உள்ளவரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. உரிமை இல்லாதவருக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் தஞ்சம் கோரியவரிடம் உள்நாட்டுக் கட்டணம் வாங்கலாம், முழுவதையும் தள்ளுபடி செய்யலாம், போக்குவரத்துக்கும் புத்தகத்துக்கும் பணமும் கொடுக்கலாம். மாணவர்களே நடத்தும் 'ஸ்டார்' என்ற அமைப்பும் வேறு சில தொண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டியதால், இன்று பிரித்தானியாவில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் இதைச் செய்கின்றன. 'சாங்சுவரி ஸ்காலர்ஷிப்' என்பது அதன் பொதுவான பெயர். லண்டனில் கிங்ஸ் கல்லூரி, சோவாஸ், பர்க்பெக் ஆகியவற்றிலும் வெளியே பிரிஸ்டல், வோரிக், யோர்க் போன்றவற்றிலும் இத்தகைய திட்டங்கள் இருந்து வருகின்றன. நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே போன வருடம் யாருக்கோ கிடைத்தது என்பதை நம்பாமல் இந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். 'ரெஃப்யூஜி எஜுகேஷன் யூ.கே.' என்ற தொண்டு நிறுவனம் 'டிஸ்ப்ளேஸ்ட் ஸ்டூடன்ட் ஆப்பர்சூனிட்டீஸ்' என்ற பெயரில் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. காசு வாங்கும் அந்த மனிதரும் அதிலிருந்துதான் எடுத்துத் தருவார்.

அவரைப் பற்றி இரண்டே வரி. சாங்சுவரி புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பக் கட்டணம் கேட்கும் வழக்கம் இல்லை, இடைத்தரகருக்கு அதில் வேலையும் இல்லை. அவர் கேஸைப் பற்றியும் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் இன்னும் கவனம்: உரிய பதிவோ சட்டத்தகுதியோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது இந்த நாட்டில் குற்றம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் பெற்றோருக்குப் புலமைப்பரிசில் என்றதும் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைதான் மனதில் வரும்: வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் கிடைக்கும், கீழே எடுத்தால் இல்லை. அந்த நினைப்பில்தான் பிள்ளைகளை முதலில் பேர்பெற்ற ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்க வைத்து, அனுமதி வந்தபின் உதவி தேடுகிறார்கள். இங்கே அந்த வரிசை பிழைத்துவிடும். ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட இடம் ஆண்டுக்கு ஒன்றிரண்டோ நான்கைந்தோதான் இருக்கும். பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருப்பவர்தான் கேட்க முடியும். பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாக ஏற்கும் யூகாஸ் அமைப்பில் ஐந்து இடங்களைத்தான் தெரிவு செய்யலாம். அந்த ஐந்தையும் உதவி இல்லாத இடங்களுக்குக் கொடுத்துவிட்டால், மூன்று ஏ-ஸ்டார் வாங்கினாலும் ஆகஸ்ட் மாதத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி ஒரு வருடத்தை இழப்பதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

ஆகவே பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் தஞ்சம் கோரியவருக்கு முழுக் கட்டணத் தள்ளுபடி தரும் இடங்கள். 'அகதிகளுக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் நின்று படியுங்கள், சில திட்டங்கள் அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு மட்டுமானவை. அடுத்து, அதில் மகளின் பாடம் உண்டா என்று பாருங்கள். சோவாஸ் நல்ல இடம், ஆனால் அங்கே உயிரியல் இல்லை. சில திட்டங்கள் முதுகலைக்கு மட்டும், சில குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும். அதன் பிறகு தரவரிசை, தூரம் எல்லாம். யூகாஸ் விண்ணப்பத்தில் தஞ்சம் கோரியவரா என்று ஒரு கேள்வி இருக்கும். மறைக்காமல் ஆம் என்று போடட்டும். அதைப் பார்த்துத்தான் உதவி செய்பவர்கள் தேடி வருவார்கள். ஜனவரியில் யூகாஸ் கெடு, புலமைப்பரிசில் கெடு பெரும்பாலும் அதற்குப் பின் வசந்த காலத்தில். இரண்டும் வெவ்வேறு விண்ணப்பங்கள். ஒன்றை அனுப்பினால் மற்றது தானாகப் போகும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்பார்கள். இந்த இடத்தில் தாய்மார் பிள்ளையின் தோளுக்கு மேலே நின்று, "அதை எழுது, இதை எழுது, அழுகை வரும்படி எழுது" என்பார்கள். வேண்டாம், சகோதரி. தெரிவுக்குழுவினர் பார்ப்பது இந்தப் பிள்ளை இந்தப் படிப்பை முடிப்பாளா, அதற்கு உதவி இல்லாமல் வழியே இல்லையா என்பதைத்தான். முள்ளிவாய்க்காலை விவரிப்பதால் மதிப்பெண் கூடாது. மகளுக்கு இரசாயனத்தில் எது பிடிக்கும், கல்லூரிக்கு எப்படிப் போய்வருகிறாள், தம்பியைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படித்தாள், பணம் எங்கே தட்டுகிறது என்பவை போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹோம் ஒபிஸுக்கு நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு திகதியும் மகளின் கட்டுரையில் வேறு திகதியும் இருந்தால், அந்தக் காகிதம் என்றாவது கேஸ் கோப்புக்குள் வந்து சேர்ந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஊரில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரியில் எழுதி, அனுப்பும் முன் சொலிசிட்டருக்குக் காட்டுங்கள்.

டாக்டர் ஆசைக்கு வருகிறேன். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது அக்டோபர் 15 கடந்துவிட்டது. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் யூகாஸ் கெடு அதுதான், அதற்கு முன்பே யூகேட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையும் எழுதியிருக்க வேண்டும். இந்த ஆண்டுக்கு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த ஆண்டுக்கும் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மாட்டேன். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களை அரசு எண்ணி ஒதுக்குகிறது, வெளிநாட்டுக் கட்டணத்தில் வருபவர்களுக்கு ஏறத்தாழ 7.5 சதவீதம்தான். அந்தஸ்து இல்லாதவரை அந்தச் சிறு பங்குக்குள்தான் போடுவார்கள். ஐந்தாறு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அரிது, பல சாங்சுவரி திட்டங்கள் மருத்துவத்தை வெளிப்படையாகவே விலக்குகின்றன. மகள் உயிர்மருத்துவ அறிவியலையோ உயிர்வேதியியலையோ தொடங்கினால் பின்னால் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்குப் போக ஒரு வாசல் உண்டு. போட்டி கடுமை, ஆனால் வாசல் உண்டு. ஒரு கேள்வி: டாக்டர் ஆசை உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுடைய ஆசை எது என்று கடிதத்தில் இல்லை.

வீட்டுச் செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அனுமதி கிடைத்த பிள்ளைகள் விழுவது அந்த இடத்தில்தான். உங்களுக்கு ஹோம் ஒபிஸ் உதவிப்பணம் போடும் ஆஸ்பென் அட்டையில் ஆளுக்கு வாரம் 49 பவுண் அளவில்தான் வரும். கட்டணத் தள்ளுபடி கையில் வரும் பணம் அல்ல, அதனால் அந்த உதவி குறையாது. ஆனால் பல்கலைக்கழகம் வாழ்க்கைச் செலவுக்குப் பணமாகத் தந்தால் அதை ஹோம் ஒபிஸுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் உதவி குறையலாம். இதை அறிந்த பல்கலைக்கழகங்கள் பயண அட்டை, மடிக்கணினி, சாப்பாட்டுக் கூப்பன் என்று பொருளாகக் கொடுக்கின்றன. இல்லையென்றால் அப்படித் தரச் சொல்லி நீங்களே கேட்கலாம். மகள் விடுதிக்குப் போனால் இப்போதைய வீட்டில் அவளுக்கான இடமும் உதவியும் நிற்கக்கூடும். படிப்பின் நடுவே ஒரு கோடை விடுமுறையில் விடுதி மூடினால் எங்கே போவாள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்கள் குடும்பத்தை ஹோம் ஒபிஸ் வேறு ஊருக்கு மாற்றினாலும் இதே சிக்கல்தான். அப்படிக் கடிதம் வந்தால், மகளின் படிப்பைக் காரணம் காட்டிச் சொலிசிட்டர் மூலம் அன்றே எழுதுங்கள். இதனால்தான் முதல் வருடமாவது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய இடம் நல்லது என்று நினைக்கிறேன். பிரிஸ்டல் எவ்வளவு நல்ல பல்கலைக்கழகம் என்பது வேறு விஷயம்.

மைத்துனர் சொல்வதற்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய காலத்தில் விசா வந்தபின் கடன் வாங்கிப் படித்தவர்கள் உண்டு, அந்தக் கணக்கு இன்றும் செல்லும். அகதி அந்தஸ்து கிடைத்தால், மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே உள்நாட்டுக் கட்டணமும் மாணவர் கடனும் கிடைக்கும். நீங்கள் தஞ்சம் கோரிய நாளில் மகளுக்கு 18 வயது நிரம்பவில்லை என்பதால், அந்தஸ்து உங்களுக்குக் கிடைத்தாலும் பிள்ளை என்ற முறையில் அவளுக்கும் அது பொருந்தும். விண்ணப்பித்த திகதியைக் காட்டும் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் முடிவு அடுத்த மாதம் வருமா, அடுத்த வருடம் வருமா, நிராகரித்து மேன்முறையீட்டில் இரண்டு வருடம் போகுமா, யாருக்குத் தெரியும்? அகதி அந்தஸ்தையே ஐந்து வருடத்திலிருந்து 30 மாதமாகக் குறைத்துத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வைக்கும் திட்டத்தை 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. அது உங்கள் கேஸைத் தொடுமா என்பதைச் சொலிசிட்டரிடம் கேளுங்கள். 'எல்லாம் சரியான பிறகு' என்ற நாள் எல்லோருக்கும் தள்ளித்தள்ளிப் போகிறது. 18 வயதில் ஏ லெவலோடு நிற்கும் பிள்ளை, வேலை செய்யவும் அனுமதி இல்லாமல் நான்கு சுவருக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பித்துவிட்டால் இழப்பும் இல்லை. செப்டம்பருக்கு முன் முடிவு சாதகமாக வந்தால், அனுமதிக் கடிதம் கையில் இருக்கும். கட்டண நிலையை மாற்றச் சொல்லி எழுதிவிட்டு மாணவர் கடனுக்கு விண்ணப்பித்துச் சேர்ந்துவிடலாம். புலமைப்பரிசிலில் சேர்ந்து படிக்கும்போது நடுவில் அந்தஸ்து வந்தால், அடுத்த கல்வியாண்டிலிருந்து உள்நாட்டுக் கணக்கு. முடிவும் வராமல் புலமைப்பரிசிலும் கிடைக்காவிட்டால், அனுமதியை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கேட்கலாம், பெரும்பாலான இடங்களில் சம்மதிப்பார்கள். அந்த ஒரு வருடத்துக்கு பர்க்பெக்கின் 'கம்பஸ் புரொஜெக்ட்' போன்றவை இருக்கின்றன. தஞ்சம் கோரியவர்கள் கட்டணம் இல்லாமல் சிறு சான்றிதழ்ப் படிப்பில் சேர்வதற்காகவே வைத்த திட்டம், வகுப்புகள் மாலையில். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத் தரத்தில் படித்துக் காட்டிய சான்று அவளிடம் இருக்கும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அகதி அந்தஸ்து அல்லாமல் வேறு வகை வதிவிட அனுமதி கிடைத்த பிள்ளைகளும் எனக்கு எழுதுகிறார்கள். சாம்பியாவிலிருந்து ஆறு வயதில் வந்து இங்கேயே பள்ளி முடித்த பியூரிஷ் டிகெரே என்ற பெண், தனக்கு மாணவர் கடன் மறுக்கப்பட்டதை எதிர்த்து 2015இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அதன் பின் வந்த விதியின்படி, 18 வயதுக்குக் கீழே என்றால் ஏழு வருடமும், மேலே என்றால் வாழ்நாளில் பாதியோ இருபது வருடமோ இங்கே வாழ்ந்து, கடைசி மூன்று வருடம் முறையான அனுமதியோடு இருந்தவர்களும் கடன் கேட்கலாம். உங்கள் மகளுக்கு இது இப்போது பொருந்தாது. இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பொருந்தும், பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பெயில் 201 படிவத்தைப் பாருங்கள். கல்லூரி ஆசிரியரிடம் போய், மகளுக்குத் தேவைப்படும் பரிந்துரைக் கடிதம் இரண்டு வகை, ஒன்று யூகாஸுக்கு, மற்றது புலமைப்பரிசிலுக்கு என்று சொல்லி வையுங்கள். ஏ.ஆர்.சி. அட்டையின் இரு பக்கமும், கேஸ் நிலுவையில் இருப்பதாகச் சொலிசிட்டர் தரும் கடிதமும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் இருக்கட்டும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதைத்தான் கேட்கும். மின்னஞ்சல்களை மகளே எழுதட்டும். பல்கலைக்கழகங்கள் பேச விரும்புவது மாணவியிடம், தாயிடமோ தெரிந்தவரிடமோ அல்ல. இலக்கணம் ஓரிடத்தில் பிசகினாலும் பரவாயில்லை. பதில் பத்து நாளில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.